வட்டம், வெற்றிலை, எட்டு

மைக்கை மடியில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து வந்து இறங்கினான் மரிய ஜெரால்டு. துண்டு சுற்றியிருந்த பாங்கைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரர் கைக்குழந்தையா என்று கேட்டாராம். ஜெரால்டு பெல்சிக்குச் சித்தப்பா மகன். மதுரையில் ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் உதவியாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ கிடையாது, அலமாரிச் சாவி அவனிடம் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய் மைக்கை அதே அலமாரியில் வைத்துவிட வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தானா என்று பெல்சி கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் பெல்சியும் அவள் அண்ணன் அந்தோணி பிரபுவும் கேசட் கடை வைத்திருந்தார்கள். பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். விசேஷ வீடுகளுக்கு மைக்செட் கட்டுவார்கள். தொண்ணூற்றேழில் அந்தத் தொழிலுக்கு மூச்சிரைக்க ஆரம்பித்திருந்தது. பிரபு எஸ்.டி.டி. பூத்துக்கு மனுப் போட்டு அனுமதியும் வாங்கிவிட்டான். கண்ணாடிக் கூண்டு செய்ய ஆசாரியிடம் சொல்லியாயிற்று. கூண்டு உள்ளே வந்தால் பாட்டுப் பதிகிற டெக்குகள் வெளியே போகும். டெக்குகளை விட்டால் அந்தக் கடையில் பெல்சிக்கு வேலை இல்லை.

அவளுக்கு ஊரார் பாட்டை நகலெடுத்து நகலெடுத்துச் சலித்துவிட்டது. சொந்தமாகப் பதிய வேண்டும். மதுரையில் நாட்டுப்பாட்டு கேசட் போடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் ஜெரால்டிடம் சொல்லியிருந்தார்: மாதிரிக்கு ஒரு பாட்டு கொண்டு வா, நன்றாக இருந்தால் முழுக் கேசட் போடலாம், ஆனால் வீட்டில் பதிந்தது என்று காதுக்குத் தெரியக் கூடாது.

பிரபு ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "அந்தாளு எடுத்துக்கிட்டா கடையில பாதி ஒனக்கு. எடுக்கலைன்னா வாயத் தொறக்காம கூண்டுக்கு வெளிய ஒக்காந்து பில்லக் கிழிச்சுக் குடுக்கணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் பெல்சி.

பாடப்போகிறவர்கள் இருவர், சாக்கோட்டைப் பக்கத்து அக்கம்மாளும் சோணையம்மாளும். அக்கம்மாளின் மகளைச் சோணையம்மாளின் மகனுக்குக் கட்டியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் ஏசல் பாட இந்தச் சம்பந்திகளைத்தான் கூப்பிடுவார்கள். பெண் வீட்டுக்கு ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருத்தி என்று எதிரெதிரே நின்று மாறி மாறித் திட்டிப் பாடுவார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் நிற்பவள் தோற்றவள். வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போன பெல்சி, இவர்கள் பாடியதைக் கேட்டுச் சாப்பிட மறந்துபோனாள். பிரபு இரண்டு பந்தியில் சாப்பிட்டான்.

பதிவு வீட்டில்தான். சென்னைக்குப் போய்விட்ட ஒரு செட்டியார் குடும்பத்தின் பெரிய வீட்டில் பின்கட்டு இவர்களுக்கு வாடகைக்கு. மற்ற இடத்தையும் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் தேவகோட்டைக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். நல்ல நேரத்தில் செத்தார் என்று நினைத்துவிட்டு, பெல்சி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிரபு தன் மொபெட்டில் இரண்டு நடை அடித்துச் சம்பந்திகளைக் கொண்டுவந்து சேர்த்தான். சோணையம்மாள் தலைக்குப் புதிதாக மை போட்டு, பட்டுப் புடவை கட்டி வந்திருந்தாள். போட்டோ எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கம்மாள் வாயில் வெற்றிலையும் கையில் மஞ்சள் பையுமாக, வயலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மாதிரி நின்றாள்.

ஜெரால்டு துண்டை அவிழ்த்தான். கனமான வெள்ளி நிற மைக். கல்யாண வீட்டு மைக்கைப்போல உச்சியில் உருண்டை இல்லை. வயிற்றுப் பக்கம் சின்ன விசை ஒன்று, அதற்கு மேல் மூன்று படங்கள். ஒரு வட்டம், இதயம் மாதிரி ஒன்று, படுத்துக் கிடக்கும் எட்டு ஒன்று.

"இதென்னத்தா, வெத்தலப் படம் போட்டிருக்கு?" என்றாள் அக்கம்மாள்.

"அது இதயம்க்கா," என்றாள் பெல்சி.

"வெத்தலைதான். பாரு, காம்பு கிள்ளுன எடம் தெரியுது. நான் பாக்காத வெத்தலையா?"

அன்றைக்கு அதற்கு வெற்றிலை என்றே பெயர் நிலைத்தது.

"மைக்கு எந்தப் பக்கத்துச் சத்தத்தக் கேக்கணும், எந்தப் பக்கம் செவிடா இருக்கணும்கிறதுதான் இந்தப் படம்," என்றான் ஜெரால்டு. "வட்டம்னா சுத்தி எல்லாம் கேக்கும். வெத்தலைன்னா முன்னால நல்லாக் கேக்கும், காம்புப் பக்கம் கேக்காது. ஸ்டூடியோவுல எப்பவும் வெத்தலைதான்."

"எட்டு?"

"அதுல முன்னாலயும் பின்னாலயும் கேக்குமாம். நாங்க தொட்டதே இல்லக்கா."

முதலில் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நின்ற பெரிய கூடத்தில் மைக்கை வைத்தார்கள். சோணையம்மாளுக்கு அந்தத் தூண்களைப் பிடித்துப்போயிற்று. "இங்கன நின்னு பாடுனாத்தான் ஒரு இது," என்றாள். இருவர் பாடுகிறார்கள், இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று ஜெரால்டு விசையை வட்டத்தில் தள்ளினான். பெல்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெக்கை ஓடவிட்டாள்.

அக்கம்மாள் எடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரு மாடிவீட்டாருன்னு
மயங்கிப் பொண்ணு குடுத்தோம் - அங்கே
மாடியும் இல்ல படியும் இல்ல
மழைக்கு ஒழுகுற கூரையடி சம்பந்தி

நாலாவது வரி முடிவதற்குள் பெல்சி டெக்கை நிறுத்திவிட்டாள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், வழவழப்புத் தரை. போன சத்தம் எல்லாம் முட்டிமுட்டித் திரும்பி வந்தது. ஒரு அக்கம்மாள் பாடினால் கிணற்றுக்குள் ஏழெட்டு அக்கம்மாள்கள் பாடினார்கள். மேலே புறாக்கள் சிறகடித்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்த தெருக் காதுகுத்து வீட்டில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் சினிமாப் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. வட்டம் எதையும் விடவில்லை, ஒட்டுமொத்தத் தெருவையும் அள்ளிக்கொண்டு வந்தது.

"அண்ணே, போயி கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொல்லிட்டு வா."

பிரபு போனான். பாட்டு நிற்கவில்லை. வெகுநேரம் கழித்துப் பிரபு வந்தான், கையில் பீடாவோடு.

"சொன்னியாண்ணே?"

"சொல்லலாம்னுதான் போனேன். எலையில ஒக்கார வச்சுட்டாக. தின்னுட்டு எப்பிடி நிப்பாட்டச் சொல்றது? கறி நல்லாருந்துச்சு."

சோணையம்மாள் வெடித்துச் சிரித்தாள். பெல்சிக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் முற்றத்தில் பாதிக்கு இறங்கியிருந்தது.

பின்கட்டில் நெல் மூட்டை போட்டிருந்த அறைக்கு எல்லாவற்றையும் தூக்கினார்கள். சுவரோரம் மூட்டைகள், மேலே மடித்துப் போட்ட மெத்தைகள். பெல்சி நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்தது. திரும்பி வரவில்லை. இதுதான் இடம். ஒரே ஒரு குறை, ஜன்னல் கதவு ஒன்று முழுசாகச் சாத்தாது. காதுகுத்துப் பாட்டு அந்தச் சந்து வழியே உள்ளே வந்தது.

"வெத்தலைக்குப் போடு," என்றாள் பெல்சி. "காம்பு ஜன்னலப் பாக்கட்டும்."

போட்டார்கள். ஹெட்போனில் ஸ்பீக்கர் பாட்டு அப்படியே பின்வாங்கி, தூரத்துக் கொசுவாகிப் போயிற்று. சம்பந்திகளை மைக்குக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். அக்கம்மாள் மைக்கின் உச்சியைப் பார்த்து வாயைக் கொண்டுபோனாள்.

"மண்டையில பாடாதீகக்கா. இந்த மைக்குக்குக் காது நெஞ்சுல இருக்கு," என்றான் ஜெரால்டு.

அக்கம்மாள் அதே பாட்டைப் பாடினாள். சோணையம்மாள் பதில் பாடினாள்.

பத்துப் பவுனு பொண்ணுக்குப் போட்டோம்னு
பந்தலில் சொன்னீக - அதத்
தட்டிப் பாத்தா தகரச் சத்தம்
தராசுக்கே வெக்கமடி சம்பந்தி

ஜெரால்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சுத்தம். இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை. இரண்டு குரலும் கண்ணாடி மாதிரி வந்திருந்தன.

பெல்சி திரும்பப் போட்டுக் கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல இருந்தது. வார்த்தை இருந்தது, சுரத்து இல்லை. வைகாசியில் அவளைச் சாப்பிட விடாமல் நிறுத்திவைத்த பெண்கள் இவர்கள் இல்லை. யாரோ இரண்டு நல்ல பிள்ளைகள்.

"இதையே கொண்டுபோறேன்க்கா. க்ளீனா இருக்கு."

"பொணம்கூட குளிப்பாட்டுனா க்ளீனாத்தான் இருக்கும்," என்றாள் பெல்சி.

"என்னக்கா இப்பிடிப் பேசுற? பஸ்ஸுக்கு நேரமாகுது."

"கல்யாணத்துல எப்பிடிப் பாடுனீக! இன்னக்கி என்ன ஆச்சு ஒங்களுக்கு?" என்று பெல்சி சம்பந்திகளிடம் பாய்ந்தாள்.

சோணையம்மாளுக்குச் சுருக்கென்றது. "நல்லாக் கேட்டியே. நாங்க எதப் பாத்துப் பாடுறது? இந்தக் கம்பியவா?"

"அதானே," என்றாள் அக்கம்மாள். "ஏசல்னா எதுக்க நிக்கிறவ மூஞ்சியப் பாக்கணும்த்தா. அவ கண்ணு முழிக்கிற முழி, மூக்குத்தி, சீல, எது அம்புடுதோ அதுல இருந்துதான் அடுத்த பாட்டு வரும். நீ என்னமோ எங்க ரெண்டு பேத்தையும் பஸ்சுல ஒக்கார வச்சாப்ல ஒரே பக்கம் திருப்பி நிறுத்திட்ட. மூஞ்சியப் பாக்காம எப்பிடி வையிறது?"

பெல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நேரம் மைக் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யோசித்திருக்கிறாள். பாடுகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது.

"எதுக்க எதுக்க நில்லுங்க!"

நின்றார்கள், மைக் நடுவில். வெற்றிலையிலேயே பாட வைத்துப் பார்த்தாள். அக்கம்மாள் குரல் கணீரென்று வந்தது. காம்புப் பக்கம் மாட்டிக்கொண்ட சோணையம்மாள் அடுத்த வீட்டிலிருந்து பாடுவதுபோலக் கேட்டாள்.

"மதினி சத்தம் கேக்கலையாம்ல?" என்றாள் அக்கம்மாள். "அப்படியே இருக்கட்டும், நல்லாருக்கு."

"ஒருத்தரு பாடி முடிக்கட்டும், அப்பறம் இன்னொருத்தரு முன்னால வரட்டும்," என்றான் ஜெரால்டு.

"ஒருத்தி வஞ்சிட்டு வெளிய போயி நிக்க, இன்னொருத்தி உள்ள வந்து வையணுமாக்கும்?" என்றாள் சோணையம்மாள். "சண்ட போடவே தெரியலையே ஒனக்கு."

வட்டத்துக்குத் தள்ளினால் இரண்டு பேரும் கேட்டார்கள், காதுகுத்து வீடும் கேட்டது. பெல்சி விசையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மிச்சம் இருந்தது படுத்துக் கிடக்கும் அந்த எட்டு.

தள்ளினாள்.

அடுக்களைக்கு ஓடி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஒரு பிடி புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பிரபுவின் கையில் திணித்தாள்.

"ஆட்டிக்கிட்டே மைக்கச் சுத்தி நட."

"என்னது, சாமி வந்துருச்சா?"

"நடண்ணே!"

பிரபு கலகலவென்று ஆட்டிக்கொண்டு நடந்தான். பெல்சி கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனை இரண்டு கையாலும் அமுக்கினாள். முன்னால் வந்தபோது கொட்டைகள் காதுக்குள்ளேயே உருண்டன. பக்கவாட்டுக்குப் போகப் போகச் சத்தம் இளைத்தது, இளைத்தது, ஓரிடத்தில் காணாமலே போயிற்று. நின்றுவிட்டானோ என்று கண்ணைத் திறந்தாள். பிரபு அங்கேதான் நின்று, கை வலிக்க ஆட்டிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டடி நடந்தான். பின்பக்கம் வந்ததும் சத்தம் மறுபடி முழுசாகக் குதித்து வந்தது.

"அய்யோ!" என்று கத்தினாள் பெல்சி. "எட்டுக்கு ரெண்டு வயிறு. ரெண்டு வயித்துலயும் கேக்குது. இடுப்புல சுத்தமாக் கேக்கல. ஜெரால்டு, இடுப்பு செவிடுடா! வெத்தலைக் காம்பவிட செவிடு!"

ஜெரால்டு ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டான். "இன்னொருக்கா சுத்துங்கண்ணே." பிரபு இன்னொரு தடவை சுற்றினான். ஜெரால்டின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. இத்தனை நாள் அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த சாமான் இது.

மற்றது எல்லாம் தானாக வந்தது. மைக்கைத் திருப்பி, எட்டின் இடுப்பை ஜன்னலுக்கு நேரே காட்டினாள். காதுகுத்துப் பாட்டு விழ வேண்டிய இடத்தில் விழுந்து செத்தது. இரண்டு வயிற்றுக்கு நேரே இரண்டு சம்பந்திகள். சோணையம்மாளுக்குக் கொஞ்சம் பெரிய தொண்டை, அவளை ஓரடி பின்னால் தள்ளி நிறுத்தினாள். அளவு சரியானது. ஜெரால்டு டெக்கை அறைக்கு வெளியே வைத்துக் குனிந்துகொண்டான். பிரபு கதவோரம் நின்றான், அதுவும் எட்டின் இடுப்புதான்.

"இப்பப் பாடுங்க. இல்ல, வையிங்க!"

அக்கம்மாள் சோணையம்மாளைப் பார்த்தாள். ஃபேன் இல்லாத அறை, நெல் மூட்டை வெக்கை. பட்டுப் புடவைக்காரிக்கு வியர்த்து ஊற்றியது. தலை மை கரைந்து நெற்றியில் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பெல்சி பார்த்தாள்.

நரைச்ச தலைக்கு மையத் தடவி
நாலு தெரு வந்தவளே - உன்
நெத்தியில ஓடுது கறுப்பாறு
நெலக்கண்ணாடி பாக்கலையா சம்பந்தி

சோணையம்மாளின் கை நெற்றிக்குப் போனது. விரலைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

மையி வழிஞ்சாலும் மானம் வழியலடி
மஞ்சப்பை தூக்கி வந்தவளே - உன்
வாயில இருக்கிற வெத்தலச் சாறு
வாசல் தெளிக்கப் போதுமடி சம்பந்தி

பெல்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான்! ஹெட்போனுக்குள் இரண்டு குரலும் கத்தி தீட்டுவதுபோல உரசிக்கொண்டன. ஒருத்தி முடிக்கிற எழுத்தில் இன்னொருத்தி எடுத்தாள். புடவை, மூக்கு, நடை, சமையல் என்று போய்க்கொண்டே இருந்தது. அக்கம்மாள் ஒரு கையை இடுப்பில் ஊன்றினாள்.

பொங்கலுக்கு வந்த எம்மகள நீயும்
பொழுது சாயுமுன்னே அழச்சவளே - உன்
அடுப்பு என்ன அணஞ்சா போச்சு
ஆறு நாளு விட்டா என்னடி சம்பந்தி

இதற்குப் பதில் வரவில்லை.

இது கல்யாண வீட்டுப் பாட்டு இல்லை. இந்த வருஷத்துப் பொங்கல். சோணையம்மாள் சேலைத் தலைப்பால் நெற்றியை அழுந்தத் துடைத்தாள். மை காது வரைக்கும் இழுபட்டது. "அழிச்சுரு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அக்கம்மாளும் சும்மா இல்லை. "கேக்க வேண்டியதத்தான் கேட்டேன். பாட்டுல கேக்காம வேற எங்கிட்டுக் கேக்குறது? வாசல்ல நின்னா கேக்க முடியும்?"

பெல்சி முற்றத்துக்கு ஓடினாள். சோணையம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பிரபு மொபெட் சாவியை எடுத்துவிட்டான். அவன் முகத்தில் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடி பளபளத்தது என்று பெல்சிக்குத் தோன்றியது.

"அழிச்சுர்றேன்க்கா. சத்தியமா அழிச்சுர்றேன். அழிக்குறதுக்கு முந்தி ஒரே ஒருக்கா கேட்டுட்டுப் போங்க. ஒங்க தொண்ட எப்பிடி வந்திருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாது."

அவள் சம்மதிப்பதற்கு முன்பே ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டாள். ஜெரால்டு ஓடவிட்டான். சோணையம்மாள் முறைத்தபடியே கேட்டாள். வெற்றிலைச் சாறு வந்த இடத்தில் உதடு ஒரு பக்கம் கோணிச் சிரித்தது. அப்புறம் பொங்கல் வந்தது. பின்னால் அவளுடைய மௌனம். நெல் மூட்டை அறையின் மௌனம், ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் சுத்தமாகப் பதிந்திருந்தது.

"என்ன இது, நான் பேசாம நிக்கிறதும் கேக்குது?"

"கேக்குதுக்கா."

"இது கேசட்டா வந்தா ஊரே கேக்குமா? நான் வாயடச்சு நின்னத?"

"அழிச்சுர்றேன்னு சொன்னேன்லக்கா..."

"எதுக்கு அழிக்குற? அழிச்சா நான் தோத்தது தோத்ததுதான், அவளுக்குத் தெரியும்ல." ஹெட்போனைக் கழற்றிப் பெல்சி கையில் கொடுத்தாள். செருப்பை உதறினாள். "ஏ மதினி! வந்து நில்லு! பொங்கலப் பத்தி இன்னொருக்கா கேளு!"

மறுபடி நின்றார்கள். இந்த முறை அக்கம்மாளின் முகத்திலும் வியர்வை. பொங்கல் பாட்டை அவள் முன்னைவிடக் கூர்மையாகப் பாடினாள். சோணையம்மாள் அவள் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்கவே இல்லை.

ஆறு நாளு விட்டா ஆடுமாடு மேய்க்கவிட்டு
எலும்பா அனுப்பிவப்ப - எம்மகன்
பொண்டாட்டியக் காணோம்னு ஊரெல்லாம் தேடுனா
போலீசு பிடிக்குமேடி சம்பந்தி

கதவோரத்தில் பிரபு வெடித்தான். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூக்கு வழியே ஒரு சத்தம் வந்து, அப்புறம் வாய்விட்டு ஒரு சிரிப்பு. அறையே அதிர்ந்தது. சம்பந்திகள் இருவரும் திரும்பவே இல்லை. அக்கம்மாள் அடுத்ததை எடுத்துவிட்டாள், சோணையம்மாள் அதற்கடுத்ததை. இருவரும் மூச்சு முட்டி ஒரே நேரத்தில் நின்றபோதுதான் ஓய்ந்தது.

"கெடுத்துட்டியேண்ணே," என்றாள் பெல்சி. "வேணும்னே செஞ்ச. பூத்து வரணும்னு செஞ்ச."

"ஏடி, ஆத்தாமேல சத்தியமா அடக்க முடியலடி!" பிரபுவின் முகம் வெளுத்திருந்தது. "போலீசு பிடிக்கும்னா சிரிக்காம என்ன செய்ய?"

அக்கம்மாள் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவ வராதுத்தா. அம்புட்டுத்தான். கறந்தாச்சு."

ஜெரால்டு டேப்பைப் பின்னால் ஓட்டினான். போலீசு வந்த இடத்தைப் போட்டான். நெற்றியைச் சுருக்கினான். மறுபடி போட்டான். ஹெட்போனைப் பிரபுவிடம் நீட்டினான்.

பிரபு கேட்டான். கண் விரிந்தது. "நான் சிரிச்சது எங்க?"

"நீங்கதான் சொல்லணும்."

"இருக்கணுமே. காது கிழியச் சிரிச்சேனே." அவன் ஹெட்போனை அமுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினான். "இருக்கு. எறும்பு தும்முனாப்ல இருக்கு."

பெல்சி பிடுங்கிக் கேட்டாள். சோணையம்மாளின் 'சம்பந்தி' முடிகிற இடத்தில் அக்கம்மாள் மூச்சிழுப்பது கேட்டது. வளையல் சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு பெரிய மனுஷனின் அவ்வளவு பெரிய சிரிப்பைக் காணோம். எட்டின் இடுப்பில் நின்று சிரித்திருக்கிறான். மிச்சத்தை நெல் மூட்டைகள் குடித்திருக்கின்றன.

அவள் கூவிவிட்டாள். பாடினவர்களைக் கட்டிப்பிடித்தாள், பட்டுப் புடவையின் மை எல்லாம் அவள் கன்னத்தில் அப்பியது. ஜெரால்டு மெத்தையைக் குத்தினான். பிரபு அதே இடத்தில் போய் நின்று, "ஏ!" என்று கத்திவிட்டு, "இதுவும் கேக்கலையா?" என்றான். பிறகு அரைச் சாண் நகர்ந்து கத்தினான். "இப்ப?" விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது அவனுக்கு.

"பஸ்ஸு!" என்று அலறினான் ஜெரால்டு.

மைக்கை உருவி, எதிலோ சுற்றி, டேப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அவன் மொபெட்டின் பின்னால் தொற்றினான். பிரபு மிதித்த வேகத்தில் வாசலில் கோழி சிதறியது.

சம்பந்திகள் அடுக்களையில் டீ குடித்தார்கள்.

"யாரு செயிச்சது?" என்று கேட்டாள் அக்கம்மாள்.

"கேசட்டக் கேட்டவகதான் சொல்லணும்," என்றாள் சோணையம்மாள். கொஞ்ச நேரம் டீயை ஆற்றினாள். "வார பொங்கலுக்கு மூணு நாளு இருக்கட்டும்."

"நாலு."

"மூணு. பாட்டுல கேட்டா நாலு."

வியாழக்கிழமை மதியம் பக்கத்துப் பாத்திரக்கடை போனுக்கு ஜெரால்டு கூப்பிட்டான். பிரபுதான் போய்ப் பேசினான். பெல்சி கடையில் யாரோ கேட்ட பாட்டைப் பதிந்துகொண்டிருந்தாள். டேப் ஓடுகிறதா நிற்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பிரபு திரும்பி வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்தான். வேண்டுமென்றே செய்கிறான் என்று தெரிந்தது.

"சொல்லுண்ணே!"

"எந்த ஸ்டூடியோன்னு கேட்டாராம் அந்த ஆளு."

"அப்பறம்?"

"காரைக்குடியிலன்னு இவன் சொன்னானாம். காரைக்குடியில ஏதுடா ஸ்டூடியோன்னாராம். முழுக் கேசட்டும் வேணுமாம். அட்டையில ஏதாச்சும் ஒரு சின்ன வயசுப் பொண்ணு படம் போடுவாகளாம், பாடுன ரெண்டு பேத்து மூஞ்சியும் வராதாம். சோணையம்மாக்காட்ட நீயே சொல்லிக்க. ஜெரால்டு மொதலாளிக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு, துண்டுன்னு நெனச்சு மைக்க நம்ம அப்பா வேட்டியில சுத்தி அலமாரியில வச்சுட்டானாம். செவுள்ல ஒண்ணு விட்டாராம். அடுத்த தடவ வாடகைக்குக் கேட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாராம்."

பெல்சி கல்லாப்பெட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். வாங்க வந்தவர் ஓரடி பின்வாங்கினார்.

ஆசாரி அன்றைக்குத்தான் அளவெடுக்க வந்தார். கூண்டு வருவது வருவதுதான். அனுமதி வாங்கிவிட்டு யாராவது விடுவார்களா? பிரபு சாக்பீஸை எடுத்து, கடையின் குறுக்கே தரையில் ஒரு கோடு கிழித்தான். கூண்டுக்கு வாசல் பக்கம் தாராளம், பெல்சிக்கு விட்ட பின்பக்கம் ஒரு ஆள் படுக்கலாம்.

"பாதின்னேன்ல. இந்தா."

"இது பாதியா? ஒனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு யாரு?"

"ஒங்கப்பாதான்."

பெல்சி செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்து அழித்தாள். அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, வாசலை நோக்கி நாலு எட்டு முன்னால் வந்து, குனிந்து, அழுத்திக் கிழித்தாள்.

"ஏய், அங்குட்டு எங்கடி போற? போன் பேச வாரவன் நடுத்தெருவுலயா நிப்பான்?"

"நிக்கட்டும்," என்றாள் பெல்சி. "ஆசாரி, இங்கன இருந்து அளங்க."